ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால்: கோலாலம்பூர் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டால் நம்மவர்களிடம் மூன்று பதில்கள் கிடைக்கும். “பயிற்சி அதிகம், அப்படித்தான் இருக்கும்” என்பார் பயிற்றுநர். “உடம்பு சூடு, வெந்தயம் ஊறவைத்துக் கொடு” என்பார் பாட்டி. பக்கத்துக் கிளினிக்கில் “இந்த மாத்திரையைப் போடுங்கள், வந்துவிடும்” என்று ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்கள். நடுத்தூர ஓட்டக்காரியான என் மகளை அழைத்துக்கொண்டு இந்த மூன்று பதில்களின் பின்னாலும் அலைந்த பிறகுதான் சரியான வழி தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே படிப்படியாக எழுதுகிறேன். ஓட்டம் மட்டுமில்லை, நீச்சல், பூப்பந்து, சிலம்பம், தேக்வாண்டோ, பரதம் என்று வாரத்தில் பல மணி நேரம் உடம்பை வருத்தும் எந்தப் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குச் செலவானது போக உடம்புக்கு மிஞ்சும் சக்தி போதவில்லை என்றால், அது முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் ஒன்று மாதவிடாய். சாப்பாட்டை ஏற்றாமல் ரத்தத்தை மட்டும் வரவழைத்தால் உள்ளே எதுவும் சரியாவதில்லை.

1. எதுவரை காத்திருக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும்

15 வயது நிரம்பியும் பெண் வயதுக்கு வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் நாள் தள்ளிப்போவதும் முந்திவருவதும் இயல்புதான். பதின்ம வயதில் 21 நாள் முதல் 45 நாள் வரையிலான இடைவெளியை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் “சின்னப் பிள்ளைதானே” என்று விட்டுவிடக் கூடாது.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஓரிடத்தில் விரலை வைத்தாலே சுளீரென்று வலிப்பது, பாதத்தில் அப்படி வலிப்பது, அடிக்கடி சளி காய்ச்சல், எப்போதும் குளிர்கிறது என்பது, பயிற்சி கூடியும் நேரம் குறையாமலே நிற்பது. எலும்பு வலியோடு மாதவிடாயும் நின்றிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கலாம்.

மயக்கம் போட்டு விழுவது, எடை மளமளவென்று இறங்குவது, சாப்பிட்ட கையோடு கழிவறைக்குப் போய் வாந்தி எடுப்பது ஆகியவற்றுக்கு முன்பதிவு நாள் பார்த்துக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

எடை சரியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். எடை கொஞ்சமும் குறையாமலே இந்த நிலை வரும். ஒரு கணக்கைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் 10 கிலோ கொழுப்பு என்றால் மீதி 40 கிலோ. அந்த 40 கிலோவில் ஒவ்வொன்றுக்கும், பயிற்சியில் எரிந்தது போக, நாளொன்றுக்கு 45 கலோரி அளவில் மிஞ்சினால் உடம்பு நிம்மதியாக இருக்கும். அதாவது 1,800 கலோரி. பயிற்சியில் 600 எரிகிறது என்றால் அவள் சாப்பிட வேண்டியது 2,400. அதே பெண் 1,700 சாப்பிட்டு 600 எரித்தால் மிஞ்சுவது 1,100, கிலோவுக்கு 27 சொச்சம். 30க்குக் கீழே இறங்கினால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞை தளரத் தொடங்குகிறது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் விழுகிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பு இளைக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் இந்த 30 ஒரே கோடு கிடையாது, சிலருக்கு அதற்கு மேலேயே பாதிப்பு தெரியும். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலுவில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதால்தான் இதில் தாமதம் கூடாது என்கிறேன்.

நான் இங்கே எண்களைச் சொன்னது உங்களுக்குப் புரிவதற்காக. மகளிடம் கலோரி எண்ணச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு எண்ணிக்கை இன்னொரு பயமாகிவிடும்.

2. கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டு

மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் பாதி “கடைசியாக எப்போது வந்தது?” என்ற கேள்விக்கு அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதிலேயே போய்விடும். ஒரு சாதாரண நாட்காட்டியோ பள்ளி நோட்டோ போதும். கைப்பேசிச் செயலியிலும் குறிக்கலாம், ஆனால் மருத்துவரின் மேசையில் விரித்து வைக்கக் காகிதம்தான் வசதி.

உதிரப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தைய நாள் வந்த லேசான கறையை முதல் நாளாகக் குறிக்க வேண்டாம். எத்தனை நாள் நீடித்தது, ஒரு நாளில் எத்தனை பேட், கட்டியாகப் போனதா என்று எழுதுங்கள். பயிற்சி நேரங்கள், எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டாள் (அளவு வேண்டாம், நேரமும் பெயரும் போதும்), தூக்கம், இதுவரை பட்ட காயங்கள், எடுக்கும் மாத்திரை, பொடி, லேகியம், இருக்கும் விரதங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மா எந்த வயதில் பெரியவளானார், வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்பதையும் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

ஏற்கெனவே மூன்று மாதம் நின்றிருந்தால், நோட்டு நிரம்பட்டும் என்று இன்னும் சில மாதம் காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்து சாப்பாட்டையும் பயிற்சியையும் எழுதிக்கொண்டு கிளம்பலாம்.

நோட்டை எழுத வேண்டியது மகள். அதைப் பயிற்றுநரோ, அணித் தோழிகளோ, அப்பாவோ பார்ப்பதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

3. எந்தக் கதவை முதலில் தட்டுவது

கோலாலம்பூரில் நேராகத் தனியார் மகப்பேறு நிபுணரிடம் போகிறவர்கள்தான் அதிகம். நிபுணரைப் பார்க்க மட்டும் நூறு, இருநூறு வெள்ளி (ரிங்கிட்) என்று ஆகும், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் தனி. பணம் இருந்தாலும் முதலில் உங்கள் வட்டார அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அதைவிட முக்கியம், அங்கே எழுதித் தரும் சூராட் ருஜுக்கான். அந்தப் பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் அரசு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி போன்ற கட்டணத்தில் பார்க்க முடியும். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: மகளின் மைகார்டு (அடையாள அட்டை), உங்களுடைய மைகார்டு, பள்ளி மாணவர் அட்டை, நோட்டு, பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே இருந்தால் அது, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் அட்டை அல்லது டப்பா. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முன்பதிவை மைசெஜாத்ரா செயலியில் செய்யலாம். பதிவு முகப்பிலேயே பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

உள்ளே போனதும் “மாதவிடாய் சரியாக வரவில்லை” என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். “என் மகள் விளையாட்டாளர், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி, இத்தனை மாதமாக வரவில்லை, காலில் எலும்பு வலி இருக்கிறது” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். இந்த விவரங்கள் அத்தனையும் பரிந்துரைக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். முன்பதிவு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்தக் கடிதத்தின் நாலு வரியைப் பொறுத்தது.

கடிதம் எங்கே போக வேண்டும்? லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. எலும்பு வலி, காயம், பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதற்கு அதுதான் என் முதல் தேர்வு. பல்கலைக்கழக மருத்துவமனை என்பதால் அதன் கட்டண முறை வேறு. மாதவிடாய்ப் பக்கம்தான் பெரிய சிக்கல் என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான துங்கு அசிசா மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம். மகள் மாநில அல்லது தேசியத் திட்டத்தில் இருந்தால் புக்கிட் ஜாலிலில் இருக்கும் தேசிய விளையாட்டுக் கழகத்தில் மருத்துவர், உணவியலாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே கூரைக்கடியில் கிடைப்பார்கள். அங்கே போவதற்கு அணி நிர்வாகத்தின் வழியாகக் கேட்க வேண்டும்.

மருத்துவர் அறையில் நடக்கப்போகும் மூன்று விஷயங்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும். முதலாவது, கர்ப்பப் பரிசோதனை. மாதவிடாய் நின்ற யாருக்கும் முதலில் செய்வது அதுதான், பள்ளிப் பிள்ளையானாலும் செய்வார்கள். உங்கள் பெண்ணைச் சந்தேகப்படுகிறார்கள் என்று முகம் சிவக்காதீர்கள், அவளிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். இரண்டாவது, உங்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசுவார்கள். சாப்பாட்டை ஒளித்து வைப்பது, பயிற்றுநர் எடையைச் சொல்லிக் கேலி செய்வது போன்றவை அப்போதுதான் வெளியே வரும். மூன்றாவது, ஸ்கேன். மணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். இதைத் தெரியாமல் பயந்து முன்பதிவையே ரத்து செய்த குடும்பங்கள் உண்டு.

4. என்னென்ன பரிசோதனை, அதில் எங்கே கவனம்

சாப்பாடு போதாமல்தான் நின்றது என்று முடிவு செய்வதற்கு முன் மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். வழக்கமாகக் கேட்கப்படுபவை: முழு ரத்த அணுக்கள், தைராய்டு, பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், மூளையிலிருந்து சினைப்பைக்குச் சமிக்ஞை கொண்டுபோகும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையால். முகத்தில் முடி, பரு அதிகம் என்றால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். புரோலாக்டின் பார்க்கும் நாளில் காலைப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லுங்கள், கடும் பயிற்சியே அதை உயர்த்திக் காட்டும்.

இவற்றோடு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் வைட்டமின் டி-யையும் நீங்களாகவே கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படியே இரும்புக் குறைபாடு. விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30ஐ ஒட்டியிருந்தாலே கவனிக்கத் தொடங்குவார்கள்.

ஆறு மாதமோ அதற்கு மேலோ நின்றிருந்தாலும், எலும்பில் கீறல் கண்டிருந்தாலும் டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். அதில் இளம் பெண்ணுக்குப் பார்க்க வேண்டியது, அவள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் இசட் மதிப்பு. வயதானவர்களுக்கான டி மதிப்பை வைத்து யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்காதீர்கள். எல்லா முடிவுகளிலும் ஒரு நகல் வாங்கிக் கோப்பில் போடுங்கள், அடுத்த மருத்துவமனையில் மீண்டும் ஊசி போடும் செலவும் வலியும் மிச்சம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிந்தால், உடனே “பி.சி.ஓ.எஸ்.” (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முத்திரை குத்திவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த முத்திரையோடு கூடவே வரும் அறிவுரை என்ன? “எடையைக் குறை, சோற்றைக் குறை, நன்றாக உடற்பயிற்சி செய்.” பசியால் மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு இதைவிடக் கேடான அறிவுரை இருக்க முடியாது. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். முடிவு செய்யக் கூடாது என்று உலகளாவிய மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் அப்படித் தெரிவது சாதாரணம். உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னால், “டாக்டர், எல்.எச். எவ்வளவு, ஆண் ஹார்மோன் கூடியிருக்கிறதா, சக்திக் குறைபாட்டைப் பார்த்தீர்களா?” என்று பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள். சக்திக் குறைபாட்டில் எல்.எச். பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். மருத்துவக் குறிப்பில் ‘ரெட்-எஸ்’ என்று எழுதினால் பயப்பட வேண்டாம், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிலைக்கு விளையாட்டு மருத்துவத்தில் வழங்கும் பெயர் அது.

5. மாத்திரையால் வருவது மாதவிடாய்தானா

ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியதும் வரும் ரத்தம், மாத்திரை நின்றதற்கான பதில். சினைப்பை விழித்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கருத்தடை மாத்திரை மாதாமாதம் ரத்தத்தைக் காட்டும், ஆனால் சாப்பாட்டுக் குறையால் இளைத்த எலும்பை அது காப்பாற்றுவதில்லை. வீட்டில் எல்லாரும் நிம்மதியாகி விடுவோம், பிள்ளை அதே பயிற்சியில் அதே அரைச் சாப்பாட்டில் ஓடிக்கொண்டிருப்பாள். வெறுமனே மாதவிடாயை வரவழைப்பதற்காகவோ எலும்புக்காகவோ கருத்தடை மாத்திரை வேண்டாம் என்பதுதான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதலும். மாதக்கணக்கில் சாப்பாட்டையும் பயிற்சியையும் சரிசெய்தும் திரும்பவில்லை என்றால், தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையை மருத்துவர் சில காலத்துக்குத் தரலாம். அது வேறு விஷயம்.

கோயில் திருவிழாவுக்கோ வீட்டுப் பூஜைக்கோ நாள் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போட்டி நாளுக்காகவும் அதையே செய்கிறார்கள். மருத்துவரைக் கேட்டு எப்போதாவது ஒரு முறை எடுப்பதில் தவறில்லை. ஆனால் நாள் கணக்கே குழம்பியிருக்கும் பெண்ணுக்கு அத்தையின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், எது உடம்பு செய்தது எது மாத்திரை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

6. சாப்பாடு: எவ்வளவு என்பதைவிட எப்போது

தொடக்கத்தில் மருத்துவர்கள் சொல்வது, இப்போது சாப்பிடுவதோடு நாளொன்றுக்கு 300 முதல் 600 கலோரி கூட்டு என்பதுதான். கேட்க மலைப்பாக இருக்கும். நம் ஊரில் ஒரு ரொட்டி சானாயே 300 கலோரியை ஒட்டி வரும். பாலில் கலந்த ஒரு குவளை மைலோவும் ஒரு வாழைப்பழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 170 அளவில்.

என் அனுபவத்தில் நம் பிள்ளைகள் சாப்பாட்டைக் கோட்டைவிடுவது மூன்று வேளைச் சாப்பாட்டில் இல்லை, அவற்றுக்கு இடையில்தான். பொழுது விடியுமுன் வெறும் வயிற்றில் திடலுக்குப் போகிறாள். அங்கிருந்து நேராகப் பள்ளி. ரெஹாட் (பள்ளி இடைவேளை) நேரத்தில் வரிசை நீளம் என்று ஒரு சிராப்போடு (சர்பத்) வந்துவிடுகிறாள். மதியம் வீட்டுக்கு வர இரண்டு, மூன்று மணி. மாலை மறுபடி பயிற்சி. ராத்திரி அம்மா தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தாலும், பகல் முழுவதும் உடம்பு பற்றாக்குறையிலேயே ஓடியிருக்கிறது. ராத்திரிச் சோறு அந்தப் பகலை முழுதாக ஈடுகட்டாது.

ஆகவே நேரத்தைச் சரிசெய்யுங்கள். காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு காயா ரொட்டி, கொஞ்சம் மைலோ. காலையில் வயிறு ஏற்காது என்கிற பிள்ளைக்கு முதல் வாரம் அரைப் பழத்தில் தொடங்குங்கள், பழகிவிடும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சரியாகப் பசியாற வேண்டும்: முட்டை, நெத்திலி, வேர்க்கடலையோடு நாசி லெமாக், அல்லது சாம்பார் நிறைய ஊற்றிய மூன்று தோசை, கூட ஒரு முட்டை. ரெஹாட்டுக்குப் பள்ளிப் பையில் டப்பா போகட்டும்: பொரித்த மீ, சுண்டல், ரொட்டி எதுவானாலும் சரி. மாலைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் குவே இரண்டு, பேரீச்சை, பெட்டிப் பால். படுக்கும் முன் ஒரு குவளை பால் அல்லது கேழ்வரகுக் கஞ்சி.

சோறு, ரொட்டி, மீயைக் குறைக்கவே கூடாது. மாவுச்சத்தைக் குறைத்தால் இந்தச் சிக்கல் மோசமாகத்தான் ஆகும். பதின்ம வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 1,300 மில்லிகிராம் வேண்டும். ஒரு குவளை பாலில் 300 அளவுக்குக் கிடைக்கிறது, மீதிக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, தௌஃபு, கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை இருக்கின்றன. புரதப் பொடி டின்னுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுப்பதை விட்டு, அந்தப் பணத்தில் முட்டையும் நெத்திலியும் வாங்குங்கள்.

இரும்புச் சத்துக்கு ஒரு தடை நம் நாக்கிலேயே இருக்கிறது. சாப்பிட்ட கையோடு தே தாரிக். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள், கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழியுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேர்வதாகத் தெரிந்திருக்கிறது, வயிற்று வலியும் குறையும்.

விரதத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தைப்பூசத்துக்கு 48 நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து பால்குடம் எடுக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பெண், மாதவிடாய் நின்று சிகிச்சையில் இருக்கிறாள் என்றால், அந்த ஆண்டு சைவம் மட்டும் இருக்கட்டும். மூன்று வேளையும், இடைத்தீனியும், பாலும் தயிரும் பருப்பும் சேர்த்து. பத்துமலைக்கு அடுத்த ஆண்டும் போகலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று முழு மனத்தோடு நம்புகிறேன். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு மாதத்தில் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைக்க முடியுமா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். சிகிச்சையில் இருக்கும்போது நோன்பு இருக்கலாமா என்பதை மருத்துவரையும் உஸ்தாசையும் கேட்டு முடிவெடுங்கள்.

பெரிய கிளினிக் கெசிஹாத்தான்களில் உணவியலாளர் இருப்பார், மருத்துவரிடம் அந்தச் சந்திப்பையும் சேர்த்துக் கேளுங்கள். சாப்பாட்டைக் கண்டாலே அழுகிற, ஒளிகிற பிள்ளைக்கு உணவியலாளர் மட்டும் போதாது. மனநல மருத்துவரும் வேண்டும், கூச்சப்படாமல் அதற்கும் கடிதம் வாங்குங்கள்.

வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: கல்யாண வீட்டிலோ கோயிலிலோ யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. “நல்லா மெலிஞ்சிட்ட” என்ற பாராட்டும் அதில் அடக்கம்.

7. பயிற்றுநரிடம் எப்படிச் சொல்வது

எலும்பில் கீறல் இல்லை என்றால் பெரும்பாலும் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். தூரத்தைக் குறைப்பது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, கடும் பயிற்சி நாட்களைக் குறைப்பது என்ற அளவில் இருக்கும். இதை நீங்கள் வாய்மொழியாகச் சொன்னால் “அம்மா செல்லம் கொடுக்கிறார்” என்று ஆகிவிடும். மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். “மருத்துவக் காரணங்களுக்காக இந்தத் தேதி வரை பயிற்சியை இந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்” என்று இருந்தால் போதும், மாதவிடாய் என்ற விவரம் அதில் தேவையே இல்லை. ஒரு நகல் பள்ளிக்கு, ஒரு நகல் பயிற்றுநருக்கு, மூலம் உங்களிடம்.

பேசும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். அணியினர் முன்னால் எடை பார்ப்பதை நிறுத்த வேண்டும், பயிற்சிக்கு நடுவில் சாப்பிட ஐந்து நிமிடம் விட வேண்டும். “சார், இந்தப் பருவத்தில் அவள் ஓட்ட நேரம் கொஞ்சம் கூடலாம், அடுத்த பருவத்துக்கு எலும்பு வேண்டும்” என்று சொன்னால் நல்ல பயிற்றுநருக்குப் புரியும். புரியாதவரிடம் பிள்ளையை விட்டுவைப்பதா என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கும் பயிற்றுநரின் உதவி தேவை. அடர்நிற அரைக்கால்சட்டை, பயிற்சி இடத்தில் கழிவறை, பையில் கூடுதல் பேட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றால் அதையும் தாங்கிக்கொள்ளச் சொல்லக் கூடாது, சிகிச்சை இருக்கிறது. வலிக்கு போன்ஸ்தான் என்ற வலி மாத்திரை போடுவதானால் வயிற்றில் சாப்பாடு இருக்கட்டும், வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் போடவே வேண்டாம்.

8. ஊக்கமருந்துப் பட்டியலில் மாட்டும் மருந்துகள்

சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) போன்ற பெரிய போட்டிகளுக்குப் போகும் பெண்ணாக இருந்தால் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பது பரிசோதனையில் காரணமாக எடுபடாது.

பருவுக்கும் முடிக்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், சிறுநீர்ப்பெருக்கி என்பதால் தடைசெய்யப்பட்டது. கருமுட்டை வெளிவரத் தரப்படும் குளோமிஃபீன், லெட்ரோசோல் இரண்டும் தடை. டி.எச்.இ.ஏ. என்ற பெயரில் கடைகளில் விற்கும் துணைச்சத்தும் தடை. வழக்கமான கருத்தடை மாத்திரை, நோரெத்திஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் பட்டை, அதிக உதிரப்போக்குக்குத் தரப்படும் டிரானெக்சாமிக் அமிலம், போன்ஸ்தான் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. இரும்பை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவதில் கவனம்: 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றினால் விதிமீறல், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக முறையாகச் செய்தால் மட்டும் விலக்கு. அழகு நிலையம் போன்ற கிளினிக்குகளில் டிரிப் போட்டுக்கொள்ள விடாதீர்கள். லேபிளில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஜாமு, லேகியம், பசி மருந்து எதுவும் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் விழுங்குவதற்கு முன் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமாசைக் கேளுங்கள். தடைசெய்யப்பட்ட மருந்து உண்மையிலேயே தேவை என்றால் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதற்கும் உங்கள் கோப்பில் இருக்கும் அத்தனை முடிவுகளும் தேவைப்படும்.

9. எவ்வளவு காலம் ஆகும்

சாப்பாட்டை ஏற்றிய சில நாட்களிலேயே தூக்கமும் முகமும் மாறும். மாதவிடாய் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். எலும்பு அதைவிட மெதுவாகத்தான் தேறும். முதல் முறை வந்ததும் “சரியாகிவிட்டது” என்று பழைய தூரத்துக்குத் திரும்ப வேண்டாம். தொடர்ந்து சில மாதங்கள் ஒழுங்காக வரட்டும், பயிற்சியை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாக ஏற்றுங்கள்.

சந்திப்புகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: தொடக்கத்தில் சில வாரத்துக்கு ஒரு முறை உணவியலாளர், மூன்று மாதத்தில் மறுபடி ஃபெரிட்டின், எலும்பு ஸ்கேன் முதலில் குறைவாக வந்திருந்தால் ஓராண்டு கழித்து மறுபடி, முடிந்தவரை அதே இயந்திரத்தில். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த தேதியை வாங்காமல் வெளியே வராதீர்கள், தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

சிகிச்சைக்கு நடுவில் மகள் விளையாட்டுப் பள்ளி விடுதிக்கோ முகாமுக்கோ போகிறாள் என்றால், மருத்துவர் கடிதத்தின் நகலை விடுதிப் பொறுப்பாளரிடம் நேரில் கொடுங்கள். உணவுக்கூடம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, பயிற்சி அதற்கு முன்பா என்று கேளுங்கள். முன்பே என்றால் பேரீச்சை, வேர்க்கடலை, பெட்டிப் பால், மைலோ பொட்டலம், காயா, ரொட்டி எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அவள் அறையிலேயே வைக்க அனுமதி வாங்குங்கள். வாரம் ஒரு முறை போய் அதை நிரப்பிவிட்டு வாருங்கள்.